பதின்மூன்றாவது வாரம்

பன்னிரண்டு வாரம் வரை எனக்கு எல்லாம் தெரியும்.
என்றைக்குக் கண் திறக்கும்,
என்றைக்குத் தாய்மடி மறக்கும்,
எத்தனை கிராம் தீவனம்
எத்தனை கிராம் தசையாகும்.
மொராவியாவில், ஒரு தகரக் கூரைக்குக் கீழே,
ஒன்பது வருடம் தராசடியில் நின்றவள் நான்.
இரண்டரைக் கிலோ என்று முள் சொன்னால்
லாரி வரும்.
அதற்குப் பிறகு முயல் என்ன தின்னும் என்று
யாரும் கேட்டதில்லை.
நானும்தான்.

பண்ணையை ஜப்தி செய்த அன்று
காதில் எண் குத்திய இரண்டை
மேல்கோட்டுக்குள் விட்டுக்கொண்டு
பிர்னோ ட்ராமில் ஏறினேன்.
நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.
வேறு பெயர் சொல்ல வாய் வரவில்லை.

பழக்கம் பொல்லாதது.
கிண்ணம் காலியாகுமுன் நிரப்பினேன்:
குச்சித் தீவனம், காய்ந்த ரொட்டி, வாற்கோதுமை,
படப் புத்தகத்து முயல்போல் இருக்கட்டுமே என்று
ஆளுக்கொரு முழுக் கேரட்.
சமையலறைத் தராசில் எண் ஏற ஏற
யாரோ என் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.

ஐந்தாம் நாள் நாற்பத்திரண்டு
மூலையில் குந்தியிருந்தது.
வயிறு கல். காது சில்லென்று.
முயலுக்கு வாந்தி எடுக்கத் தெரியாதாம்.
உள்ளே போனது முன்னே போகவேண்டும்,
நின்றால் முயலும் நின்றுவிடும்.
ஒன்பது வருடத்தில்
ஒருவரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.
சொல்லத் தேவைப்படவில்லை.

டாக்டர் ஷிமான்கோவா ஊசி போட்டாள்,
என் கிண்ணக் கணக்கைக் கேட்டாள்,
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
"நீங்கள் இன்னும் ஓவர்டைம் பார்க்கிறீர்கள், லுத்மிலா.
லாரி வராது."

புல் என்றாள். காய்ந்த புல்.
இப்போதைக்குக் குதிரைமசாலும் சேரலாம், வளரும் எலும்புக்கு.
மாதம் போகப் போக அதைக் குறைத்து
திமோத்திப் புல்லில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.
கேரட் மிட்டாய். ரொட்டி வேண்டவே வேண்டாம்.
வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டர்
நிற்காமல் வளர்கிற பல்லுக்கு
புல்தான் அரம்.
முயல் எவ்வளவு பெரிதோ
அவ்வளவு பெரிய குவியல், தினமும்.

அன்றிரவு தரையில் படுத்தேன்.
ஒரு மணி. இரண்டு மணி.
குளிர்பெட்டி மட்டும் உறுமியது.
மூன்றரைக்கு
எங்கோ யாரோ
தாளைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம், மெல்ல,
நின்று, மறுபடியும்.
மூச்சு விடாமல் கேட்டேன்.
விடியுமுன் நாற்பத்திரண்டு வாலடியில் குனிந்து
கறுத்த திராட்சைக் கொத்துபோல் எதையோ
தானே வாங்கி விழுங்கியது.
ச்சீ என்று டாக்டரை எழுப்பினேன்.
"அது இரண்டாம் பந்தி. உட்காரட்டும்.
நீங்கள் தூங்குங்கள்."

நேற்று வியட்நாமியக் கடையில்
கொத்தமல்லி கேட்டேன்.
எத்தனை கட்டு என்றாள் ஹான்.
ஒரு இலை.
அவள் சிரிக்கவில்லை. "வீட்டில் நோயாளியா?"
இல்லை, பதின்மூன்றாவது வாரம்.
முதல் பச்சை. கட்டைவிரல் நகமளவு.
இரண்டு நாள் பொறுத்து, வயிறு ஒத்துக்கொண்டால்
இன்னொரு நகம்.
செய்தித்தாளில் ஒரு தண்டைச் சுருட்டிக் கொடுத்தாள்.
காசை வாங்கவில்லை.

இன்று காலை எடை.
நாற்பது கிராம் குறைவு.
என் கை தானாகத் தீவன டப்பாவுக்குப் போனது,
மூடிவரை போய்
அங்கேயே இருந்தது.
நல்லதுதான் என்கிறாள் டாக்டர்.
நல்லது என்று என் விரல்களுக்கு
இன்னும் தெரியவில்லை.

பண்ணை நோட்டில்
பன்னிரண்டோடு கட்டங்கள் முடிகின்றன.
ஸ்கேல் வைத்து, கீழே ஒரு கோடு போட்டேன்.
13 என்று எழுதினேன்.
மை காயுமுன்
நாற்பத்தொன்று வந்து தாளின் முனையைக் கடித்தது.

நோட்டை இழுத்துக்கொண்டு
புல்லை நீட்டினேன்.
இன்னும் எத்தனை கோடு போடவேண்டுமோ.